அத்தியாயம் 7: எக்ஸ்எம்எல்லை எக்ஸ்எம்எல்லாகவே அனுப்புவது

ஒரு கிடங்கு. ஊழியர் கையில் பார்கோடு ஸ்கேனர். மூட்டையின் மேல் ஒட்டியிருக்கும் கோட்டை அவர் ஸ்கேன் செய்கிறார். ஸ்கேனர் நம் வெப் சர்வீஸிடம் அந்தப் பொருளின் விவரத்தைக் கேட்கிறது. சர்வீஸ் பதில் அனுப்பிவிட்டது. சர்வர் லாகில் 200 என்று பதிவும் ஆகிவிட்டது. ஆனால் ஸ்கேனர் திரையில் ஒன்றும் இல்லை, அல்லது யாருக்கும் புரியாத ஒரு பிழைச் செய்தி. டெவலப்பர் பிரவுசரில் அதே முகவரியைத் திறந்து பார்க்கிறார். எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. "சர்வீஸ் சரியாகத்தான் இருக்கிறது, சாதனத்தில்தான் கோளாறு" என்று முடிவு கட்டுகிறார்.

பெரும்பாலும் அந்த முடிவு தவறு. கோளாறு சர்வீஸ் அனுப்பிய பதிலில் இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதும், முதலிலேயே வராமல் தடுப்பதும்தான் இந்த அத்தியாயத்தின் வேலை.

புதிய சர்வீஸ்கள் பெரும்பாலும் ஜேசனில் பேசினாலும், எக்ஸ்எம்எல் எங்கும் போய்விடவில்லை. யுபிஐ அமைப்பில் வங்கிகள் தமக்குள் பரிமாறும் செய்திகள் எக்ஸ்எம்எல். பேரிடர் எச்சரிக்கைகளுக்கான கேப் வடிவமும், பாட்காஸ்ட் செயலிகள் படிக்கும் ஆர்எஸ்எஸ்ஸும் எக்ஸ்எம்எல். டேலி மென்பொருள் வெளி நிரல்களோடு எக்ஸ்எம்எல்லிலும் பேசுகிறது. ஐபி போன், ஸ்கேனர், பில்லிங் இயந்திரம் போன்ற பழைய சாதனங்கள் பலவற்றுக்கு வேறு வடிவமே தெரியாது. அவற்றின் மென்பொருளை நாம் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது நம் பதில் மட்டுமே.

சாதனத்துக்குத் தெரிவது பைட்டுகள்தான்

எழுதும்போது நாம் ஸ்ட்ரிங், ஆப்ஜெக்ட், டேக் என்று யோசிக்கிறோம். சாதனத்துக்குப் போய்ச் சேருவது மூன்றே மூன்று: ஒரு ஸ்டேட்டஸ் எண், சில ஹெடர் வரிகள், அதன்பின் வரிசையாகப் பைட்டுகள். ஸ்டேட்டஸ் எண்ணைப் பார்த்து வேலை முடிந்ததா என்று சாதனம் முடிவு செய்கிறது. ஹெடரைப் பார்த்து வந்திருப்பது என்ன வகை என்று தெரிந்துகொள்கிறது. பைட்டுகளைப் பார்சரிடம் கொடுக்கிறது. இம்மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

எக்ஸ்எம்எல் பார்சர் விட்டுக்கொடுக்காது. எச்டிஎம்எல் பக்கத்தில் ஒரு டேக்கை மூடாமல் விட்டாலும் பிரவுசர் சமாளித்துக் காட்டும். 1998 பிப்ரவரி 10 அன்று டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 விதி அந்தச் சலுகையை வேண்டுமென்றே மறுத்தது: இலக்கணப் பிழை கண்டால் பார்சர் வழக்கமான வேலையைத் தொடரவே கூடாது. ஒரு எழுத்து பிசகினால் முழுப் பதிலும் போயிற்று. பத்தாயிரம் வரியில் 9,999 சரி என்பதற்கு இங்கே மதிப்பெண் கிடையாது.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே பதிலை எடுத்துக்கொள்வோம்:

<பொருள்>
  <பெயர்>கோதுமை மாவு</பெயர்>
  <சப்ளையர்>ராஜா &#38; சன்ஸ்</சப்ளையர்>
  <இருப்பு>42</இருப்பு>
</பொருள்>

டேக் பெயர்களைத் தமிழில் வைப்பது எக்ஸ்எம்எல் விதிப்படி செல்லும். சாதனத்தின் பார்சர் தரமானதாக இருந்தால் இது அப்படியே வேலை செய்யும். சப்ளையர் பெயரில் உள்ள &#38; என்பது & குறியின் எண் வடிவம். அதற்குப் பெயர் வடிவமும் உண்டு. இரண்டும் பார்சருக்கு ஒன்றே. இங்கே எண் வடிவத்தையே பயன்படுத்துகிறேன்.

உறைக்குள் உறை: முதல் பெரிய தவறு

இந்த எக்ஸ்எம்எல்லைச் சர்வீஸில் ஒரு ஸ்ட்ரிங்காகத் தயாரித்து, மெத்தடின் ரிட்டர்ன் டைப்பையும் ஸ்ட்ரிங் என்றே வைத்துத் திருப்பி அனுப்புவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. ஃபிரேம்வொர்க்குக்கு அது எக்ஸ்எம்எல் என்று தெரியாது. "இது ஏதோ ஒரு சொற்றொடர், இதை எக்ஸ்எம்எல் பதிலுக்குள் பத்திரமாக வைக்க வேண்டும்" என்று எடுத்துக்கொள்கிறது. எல்லா < குறிகளையும் எஸ்கேப் செய்து, மேலே தன் டேக் ஒன்றையும் போர்த்திவிடுகிறது. சாதனத்துக்குப் போவது இதுதான்:

<ஸ்ட்ரிங்>&#60;பொருள்&#62;&#60;பெயர்&#62;கோதுமை மாவு&#60;/பெயர்&#62;&#60;சப்ளையர்&#62;ராஜா &#38;#38; சன்ஸ்&#60;/சப்ளையர்&#62;&#60;இருப்பு&#62;42&#60;/இருப்பு&#62;&#60;/பொருள்&#62;</ஸ்ட்ரிங்>

இலக்கணப்படி இது பிழையில்லாத எக்ஸ்எம்எல். அதனால் பார்சர் குறை சொல்லாது. ஆனால் இதில் ஒரே ஒரு எலிமென்ட்தான் இருக்கிறது. அதற்குள் நீளமான உரை ஒன்று. சாதனம் "பொருள்" என்ற டேக்கைத் தேடுகிறது. அப்படி எதுவும் இல்லை. திரை வெறுமையாக நிற்பதன் காரணம் இதுவே. சப்ளையர் பெயரையும் கவனியுங்கள்: & குறி இரண்டு முறை எஸ்கேப் ஆகியிருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் தொழில்நுட்பத்தில் வேலை செய்பவர்கள் இதை அடிக்கடி சந்திப்பார்கள். பழைய ஏஎஸ்எம்எக்ஸ் சர்வீஸில் போர்வை டேக் டெம்ப்யூரி என்ற நேம்ஸ்பேஸோடு வரும். டபிள்யூசிஎஃப், வெப் ஏபிஐ இரண்டிலும் 2003/10 சீரியலைசேஷன் நேம்ஸ்பேஸோடு வரும். பதிலின் முதல் டேக் ஸ்ட்ரிங் என்றிருந்து, அதில் இந்த இரண்டு நேம்ஸ்பேஸில் ஒன்றைக் கண்டால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை, நோய் இதுதான். வெப் ஏபிஐயில் இன்னொரு கோலமும் உண்டு. சாதனம் எந்த வடிவம் வேண்டும் என்று சொல்லாவிட்டால் சர்வீஸ் ஜேசனுக்குப் போய்விடும். அப்போது உங்கள் எக்ஸ்எம்எல் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் அடைபட்டு வரும்.

தீர்வு எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "இது ஏற்கெனவே எக்ஸ்எம்எல், நீ கை வைக்காதே" என்று ஃபிரேம்வொர்க்கிடம் சொல்ல வேண்டும். சொல்லும் முறை மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

ஏஎஸ்எம்எக்ஸில் ஸ்ட்ரிங்குக்குப் பதிலாக எக்ஸ்எம்எல்டாக்குமென்ட் வகையைத் திருப்புங்கள். அப்போது உள்ளடக்கம் எஸ்கேப் ஆகாமல் டேக்குகளாகவே போகும்.

டபிள்யூசிஎஃப்பில் வெப்எச்டிடிபிபைண்டிங் பயன்படுத்தினால் ஸ்ட்ரீம் வகையைத் திருப்புங்கள். எக்ஸ்எம்எல்லை யுடிஎஃப்-8 பைட்டுகளாக்கி மெமரிஸ்ட்ரீமில் வைத்தால் அவை அப்படியே வெளியே போகும். கன்டென்ட்-டைப் ஹெடரை நீங்களே அமைக்க வேண்டும். மறந்தால் ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்று போகும். பல சாதனங்கள் அதைத் தொடாது.

வெப் ஏபிஐ 2-இல் எச்டிடிபிரெஸ்பான்ஸ்மெசேஜ் ஒன்றை உருவாக்கி, அதன் கன்டென்ட்டாக ஸ்ட்ரிங்கன்டென்ட்டை வையுங்கள். உரை, என்கோடிங், மீடியா டைப் மூன்றையும் அதிலேயே கொடுத்துவிடலாம். ஏஎஸ்பி டாட்நெட் கோரில் கன்ட்ரோலரின் கன்டென்ட் மெத்தட் இதே வேலையை ஒரே வரியில் முடிக்கும்.

ஃபிளாஸ்கில் ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட்டை உருவாக்கி மைம்டைப்பைக் கொடுங்கள். ஜாங்கோவில் எச்டிடிபிரெஸ்பான்ஸ், அதில் கன்டென்ட்_டைப். பிஎச்பியில் எக்கோ செய்வதற்கு முன் ஹெடர் ஃபங்ஷனை அழைக்க வேண்டும். ஸ்பிரிங்கில் மேப்பிங்கின் புரொடியூசஸ் பகுதியில் வகையைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. முடிந்தவரை அதையே பரிந்துரைப்பேன். எக்ஸ்எம்எல்லை நீங்கள் ஸ்ட்ரிங்காகத் தயாரிக்கவே வேண்டாம். பொருள் என்று ஒரு கிளாஸ் எழுதி, அதன் ஆப்ஜெக்ட்டைத் திருப்புங்கள். சீரியலைசர் எக்ஸ்எம்எல்லை எழுதட்டும். ஆனால் சாதனம் எதிர்பார்க்கும் டேக் பெயர், வரிசை, நேம்ஸ்பேஸ் எல்லாம் நூலிழை பிசகாமல் வர வேண்டும் என்றால் சீரியலைசரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வெளியார் கொடுத்த எக்ஸ்எம்எல்லை அப்படியே கடத்த வேண்டும் என்றால் அந்த வழி உதவாது. அப்போது மேலே சொன்ன நேரடி முறைதான். எந்த வழியில் போனாலும் விதி ஒன்றே: எஸ்கேப் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு இடத்தில் நடக்க வேண்டும்.

கன்டென்ட்-டைப்: உள்ளே இருப்பதை உண்மையாகச் சொல்லுங்கள்

எக்ஸ்எம்எல்லுக்கு இரண்டு பொதுவான மீடியா டைப்கள்: அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல், டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல். எது சரி என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 2001 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3023-இன்படி, டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல் என்று அனுப்பி சார்செட்டைச் சொல்லாமல் விட்டால், ஆவணத்தின் முதல் வரியில் யுடிஎஃப்-8 என்று எழுதியிருந்தாலும், அதை யுஎஸ்-ஆஸ்கி என்றே கொள்ள வேண்டும். ஆஸ்கியில் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. 2014 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 7303 இந்தச் சிக்கலை நீக்கியது. இப்போது இரண்டு வகையையும் ஒரே மாதிரி கையாள வேண்டும். ஆனால் உங்கள் பதிலைப் படிக்கும் சாதனம் 2014-க்கு முன் எழுதப்பட்டதாக இருக்கலாம்.

ஆகவே நடைமுறை விதி இது: அப்ளிகேஷன்/எக்ஸ்எம்எல் அனுப்புங்கள், கூடவே சார்செட் யுடிஎஃப்-8 என்பதையும் எழுதுங்கள். சாதனத்தின் கையேடு வேறு சொன்னால் கையேடு சொல்வதே சட்டம். சிஸ்கோ ஐபி போன்களுக்கு டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல் அனுப்ப வேண்டும். ட்விலியோவின் தொலைபேசிச் சேவை, நீங்கள் அனுப்பும் பதிலைப் படித்துத்தான் அழைப்பை நடத்துகிறது. வகை தவறினால் 12300 என்ற பிழையும், எக்ஸ்எம்எல் இலக்கணம் தவறினால் 12100 என்ற பிழையும் பதிவாகும். அந்த எண்களை டெவலப்பர் பார்ப்பார். மறுமுனையில் போனைக் காதில் வைத்திருப்பவருக்கு அழைப்பு குலைந்தது மட்டுமே தெரியும்.

ஒரே முகவரியில் ஜேசனும் எக்ஸ்எம்எல்லும் தருகிறீர்கள் என்றால் சாதனம் அனுப்பும் அக்செப்ட் ஹெடரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்; பதிலில் வேரி ஹெடரில் அக்செப்ட் என்று குறிப்பிடுங்கள். இல்லையென்றால் இடையில் இருக்கும் கேஷ் ஒருவருக்கான ஜேசனை இன்னொருவரின் ஸ்கேனருக்குக் கொடுத்துவிடும். அக்செப்ட் ஹெடரே அனுப்பாத சாதனங்கள் உண்டு. அவற்றுக்காக எக்ஸ்எம்எல் மட்டும் தரும் தனி முகவரியை வைத்துவிடுவது நல்லது.

என்கோடிங்: தமிழ் எழுத்து எங்கே தொலைகிறது

தமிழ்ப் பெயர்களோடு வேலை செய்யும் நமக்கு இந்தப் பகுதி மிக முக்கியம். ஆங்கில எழுத்து மட்டும் இருக்கும் பதிலில் ஒளிந்துகொள்ளும் பிழைகள் எல்லாம் தமிழ் வந்தவுடன் வெளியே வரும். யூனிகோடில் தமிழுக்கான பகுதி 2944 முதல் 3071 வரை. யுடிஎஃப்-8-இல் இந்தக் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘த’ என்ற ஒரு எழுத்து 224, 174, 164 என்று மூன்று பைட்டாகப் போகிறது.

முதல் கண்ணி, முதல் வரியின் பொய். டாட்நெட்டில் ஸ்ட்ரிங்ரைட்டரில் எக்ஸ்எம்எல்லை எழுதினால் அறிவிப்பு வரியில் யுடிஎஃப்-16 என்று தானாக விழும். டாட்நெட் ஸ்ட்ரிங்கின் உள்வடிவம் அதுதான். பிறகு அந்த ஸ்ட்ரிங்கை யுடிஎஃப்-8 பைட்டுகளாக அனுப்புவீர்கள். அறிவிப்பு ஒன்று சொல்ல, பைட்டுகள் வேறு சொல்ல, பார்சர் மறுத்துவிடும். ஸ்ட்ரிங்ரைட்டரைத் தவிர்த்து, மெமரிஸ்ட்ரீமில் யுடிஎஃப்-8 என்று அமைத்த எக்ஸ்எம்எல்ரைட்டரால் எழுதுங்கள்.

இரண்டாவது, கேள்விக்குறி மழை. ஸ்பிரிங் எம்விசியில் ஸ்ட்ரிங்கை வெளியே அனுப்பும் கன்வெர்ட்டர், சார்செட் சொல்லாவிட்டால் வழக்கமாக ஐஎஸ்ஓ-8859-1-ஐ எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் இல்லை. "கோதுமை மாவு" முழுவதும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேரும். ஸ்பிரிங் பூட் இதை யுடிஎஃப்-8 ஆக அமைத்துத் தருகிறது. பழைய திட்டங்களில் நீங்கள்தான் அமைக்க வேண்டும். கேள்விக்குறியாக மாறிய எழுத்தைச் சாதனத்தில் மீட்க வழியே இல்லை. தகவல் சர்வரிலேயே அழிந்துவிட்டது.

மூன்றாவது, பதில் பாதியில் அறுந்துபோவது. கன்டென்ட்-லெங்த் ஹெடரில் எழுத வேண்டியது பைட்டுகளின் எண்ணிக்கை. சிலர் ஸ்ட்ரிங்கின் நீளத்தை எழுதிவிடுகிறார்கள். "தமிழ்" என்ற சொல்லில் ஐந்து யூனிகோட் குறிகள். ஜாவாஸ்கிரிப்டில் அதன் நீளம் 5. பைட்டுகளோ 15. ஹெடரில் குறைந்த எண்ணைக் கண்ட சாதனம் அந்த அளவோடு படிப்பதை நிறுத்திவிடும். மூடும் டேக்குகள் வந்து சேராது. நோட் ஜேஎஸ்ஸில் பஃபரின் பைட்லெங்த் கொண்டு கணக்கிடுங்கள். அல்லது அந்த ஹெடரை நீங்கள் எழுதாமல் ஃபிரேம்வொர்க்கிடமே விட்டுவிடுங்கள்.

நான்காவது, பாம். கோப்பின் தொடக்கத்தில் வரும் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் இவை, திரையில் தெரியாது. விதிப்படி யுடிஎஃப்-8 எக்ஸ்எம்எல்லின் முன் இவை இருக்கலாம். ஆர்எஃப்சி 7303 என்கோடிங்கை முடிவு செய்வதில் இவற்றுக்கே முதலிடம் கொடுக்கிறது. ஆனால் சிறு சாதனங்களில் உள்ள எளிய பார்சர்கள் முதல் பைட்டாக < குறியை, அதாவது 60-ஐ, எதிர்பார்த்து, இந்த மூன்றைக் கண்டதும் விழுந்துவிடும். டாட்நெட்டில் என்கோடிங்.யுடிஎஃப்8 என்று ரைட்டரிடம் கொடுத்தால் பாம் சேரும். யுடிஎஃப்8என்கோடிங் கிளாஸை ஃபால்ஸ் என்ற மதிப்போடு உருவாக்கிக் கொடுத்தால் சேராது. சாதனங்களுக்கு அனுப்பும்போது பாம் வேண்டாம்.

பைத்தானின் எலிமென்ட்ட்ரீ பற்றி ஒரு வார்த்தை. அதன் டுஸ்ட்ரிங் ஃபங்ஷனில் என்கோடிங் சொல்லாவிட்டால் ஆஸ்கியில் எழுதும்; ‘த’ என்பதை &#2980; என்று எண்ணாக மாற்றும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது செல்லுபடியான எக்ஸ்எம்எல். சாதனத்தில் ‘த’ என்றே தெரியும். 3 பைட் இருந்த இடத்தில் 7 பைட் ஆகும் என்பதுதான் வித்தியாசம். என்கோடிங் குழப்பம் நிறைந்த பழைய சாதனத்துக்கு இது நல்ல தற்காப்பும்கூட.

முதல் எழுத்துக்கு முன் எதுவும் இருக்கக் கூடாது

எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரி எழுதுகிறீர்கள் என்றால் அது பதிலின் முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும். முன்னால் ஒரு ஸ்பேஸ், ஒரு வெற்று வரி இருந்தாலும் பிழை. ஜாவா பார்சர் "கன்டென்ட் இஸ் நாட் அலவ்ட் இன் புரோலாக்" என்று கத்துவது பெரும்பாலும் முதல் டேக்குக்கு முன்னால் பாம் அல்லது வேறு ஏதாவது எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான்.

பிஎச்பியில் இது தினசரிப் பிரச்சினை. ஏதோ ஒரு இன்க்ளூட் கோப்பின் கடைசியில் மூடும் குறிக்குப் பின் வெற்று வரிகள் இருக்கும். மூடும் குறியை ஒட்டி வரும் ஒரு வரிமுறிவை மட்டும் பிஎச்பி விழுங்கிக்கொள்ளும். அதற்கு மேல் உள்ளவை பதிலின் தலையில் போய் உட்காரும். பிஎச்பி மட்டுமே உள்ள கோப்பில் மூடும் குறியை எழுதவே வேண்டாம் என்று பிஎஸ்ஆர்-12 சொல்வதைப் பின்பற்றினால் இந்தத் தொல்லை இல்லை. நோட்டீஸ், வார்னிங் போன்ற செய்திகள் பதிலோடு கலக்காமல் லாகுக்கு மட்டும் போகும்படி அமைத்துவிடுங்கள்.

தரவுக்குள் ஒளிந்திருக்கும் எழுத்துகள்

சோதிக்கும்போது "கோதுமை மாவு" ஒழுங்காகப் போகும். ஒருநாள் சப்ளையர் பட்டியலில் "ராஜா & சன்ஸ்" சேர்வார். எக்ஸ்எம்எல்லை ஸ்ட்ரிங்குகளை ஒட்டி ஒட்டித் தயாரித்திருந்தால், அன்றைக்கு அந்தப் பொருள் உள்ள பதில்கள் மட்டும் உடையும், மற்றவை ஓடும். கண்டுபிடிக்கக் கடினமான பிழை இதுதான். ஆகவே எக்ஸ்எம்எல்லை ஒருபோதும் ஸ்ட்ரிங் ஒட்டித் தயாரிக்காதீர்கள். எக்ஸ்எம்எல்ரைட்டர், எக்ஸ்டாக்குமென்ட், எலிமென்ட்ட்ரீ என்று எந்த மொழியிலும் அதற்கான கருவி இருக்கிறது. மதிப்பைக் கொடுங்கள், எஸ்கேப்பை அது பார்த்துக்கொள்ளும்.

எச்டிஎம்எல்லுக்கான எஸ்கேப் ஃபங்ஷனை இங்கே கொண்டுவராதீர்கள். எக்ஸ்எம்எல் தானாக அறிந்த பெயர் வடிவங்கள் ஐந்துதான்: & குறி, < குறி, > குறி, ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள். எச்டிஎம்எல்லில் சர்வசாதாரணமான என்பிஎஸ்பி இங்கே பிழை; தேவைப்பட்டால் &#160; என்று எண்ணாக எழுதலாம்.

எஸ்கேப் செய்தும் தப்பாத எழுத்துகள் உண்டு. 32-க்குக் கீழ் உள்ள கட்டுப்பாட்டுக் குறிகளில் எக்ஸ்எம்எல் 1.0 அனுமதிப்பவை 9, 10, 13 ஆகிய மூன்றே. மற்றவற்றை எண் வடிவத்திலும் எழுதக் கூடாது, சிடேட்டாவுக்குள் வைத்தும் அனுப்பக் கூடாது. "இதெல்லாம் யார் அனுப்பப்போகிறார்கள்" என்று நினைக்க வேண்டாம். மருந்துப் பெட்டிகளில் உள்ள ஜிஎஸ்1 டேட்டாமேட்ரிக்ஸ் கோட்டில், பேட்ச் எண் போல நீளம் மாறக்கூடிய பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் 29 என்ற குறி வருகிறது. ஸ்கேனர் படித்ததை அப்படியே டேட்டாபேஸில் சேமித்து, பிறகு எக்ஸ்எம்எல்லில் வெளியே விட்டால், அந்த ஒரு மருந்துக்கான பதில் எந்தப் பார்சரிலும் நிற்காது. எக்ஸ்எம்எல் 1.1 இதை எண் வடிவத்தில் அனுமதிக்கிறது; ஆனால் டாட்நெட் உட்படப் பல பார்சர்கள் 1.1-ஐ ஏற்பதில்லை. கோட்டைச் சேமிக்கும்போதே பகுதி பகுதியாகப் பிரித்துத் தனித்தனிப் புலங்களில் வையுங்கள். முழுக் கோடும் அப்படியே வேண்டும் என்றால் பேஸ்64 ஆக்கி அனுப்புங்கள்.

சிடேட்டா எல்லாவற்றையும் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். உள்ளே ]]> என்ற மூன்று குறிகள் சேர்ந்து வந்தால் அது அங்கேயே முடிந்துவிடும்.

பிழை நேரும்போதும் அதே ஒழுங்கு

சர்வீஸ் தோற்கும் நேரத்தில்தான் பல சாதனங்கள் குழம்புகின்றன. டேட்டாபேஸ் படுத்துவிட்டது, ஃபிரேம்வொர்க் அழகான எச்டிஎம்எல் பிழைப் பக்கம் ஒன்றை அனுப்புகிறது. சாதனம் அதை எக்ஸ்எம்எல் என்று படிக்கப் பார்த்து, சம்பந்தமில்லாத பார்சர் பிழையைக் காட்டுகிறது. உண்மையான காரணம் மறைந்துபோகிறது.

பிழையையும் எக்ஸ்எம்எல்லாகவே அனுப்புங்கள்; ஸ்டேட்டஸ் எண் உண்மையைச் சொல்லட்டும். பொருள் இல்லை என்றால் 404, கேட்டதில் தவறு என்றால் 400, நம் பக்கம் கோளாறு என்றால் 500. எல்லாவற்றுக்கும் 200 கொடுத்துவிட்டு உள்ளே "தோல்வி" என்று எழுதுவது சாதனத்தை ஏமாற்றுவது. பிழைப் பதிலுக்குப் பொதுவான வடிவமும் இருக்கிறது; 2023-இல் வந்த ஆர்எஃப்சி 9457-இல் அதன் எக்ஸ்எம்எல் வடிவத்தைக் காணலாம்.

லாகின் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். செஷன் முடிந்ததும் 302 கொடுத்து லாகின் பக்கத்துக்குத் திருப்புவது மனிதர்களுக்காகச் செய்த ஏற்பாடு. சாதனம் சொன்னபடி அங்கே போய், எச்டிஎம்எல் லாகின் பக்கத்தை 200 என்ற எண்ணோடு வாங்கி வரும். சாதனங்களுக்கான முகவரிகளில் திருப்பிவிடாமல் 401 கொடுங்கள்.

சாதனத்தின் கொள்ளளவையும் கணக்கில் எடுங்கள். சிஸ்கோ போனின் மெனுவில் அதிகபட்சம் 100 வரிகள், டைரக்டரியில் 32 பெயர்கள். இலக்கணம் முழுக்கச் சரியாக இருந்தாலும் 500 பெயர்களை ஒரே பதிலில் அனுப்பினால் பயனில்லை. பக்கம் பிரித்துத்தான் தர வேண்டும்.

பிரவுசரை நம்பாமல் சோதிப்பது

பிரவுசர் எக்ஸ்எம்எல்லை அப்படியே காட்டுவதில்லை. படித்து, அழகுபடுத்திக் காட்டுகிறது. எஸ்கேப் ஆன &#60; குறியை அவிழ்த்து < என்றே திரையில் போடுகிறது. உறைக்குள் உறை இருந்தாலும் உங்கள் கண்ணுக்குச் சரியான டேக்குகளாகத் தெரிவது இதனால்தான். சோர்ஸைப் பார்த்தால் உண்மை தெரியும். அதைவிட நல்ல வழி, பிரவுசரையே விட்டுவிடுவது.

கர்ல் கட்டளையால், ஹெடர்களும் தெரியும்படி, பதிலை எடுங்கள். சாதனம் அனுப்பும் அக்செப்ட் ஹெடரையே கர்லிலும் கொடுங்கள். ஸ்டேட்டஸ், கன்டென்ட்-டைப், சார்செட் மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பிறகு உடலை மட்டும் ஒரு கோப்பில் சேமித்து எக்ஸ்எம்எல்லின்ட்டில் ஓட்டுங்கள். அது பிழை எதுவும் சொல்லாமல் முடிந்தால் இலக்கணம் சரி. அடுத்து ஹெக்ஸ்டம்ப் எடுத்து முதல் சில பைட்டுகளைப் பாருங்கள். முதல் பைட் < குறியாக இருக்க வேண்டும். கடைசியில், சாதனம் தேடும் டேக் உண்மையிலேயே டேக்காக இருக்கிறதா என்று எக்ஸ்பாத் கொண்டு தேடுங்கள். இரட்டை உறையை எக்ஸ்எம்எல்லின்ட் பிடிக்காது. இந்தக் கடைசிச் சோதனைதான் பிடிக்கும்.

சோதனைத் தரவு கடுமையாக இருக்கட்டும். & உள்ள பெயர், < உள்ள விளக்கம், தமிழ்ப் பெயர், ஒரு எமோஜி, காலியான புலம், 29 என்ற குறி உள்ள பார்கோடு ஆகிய ஆறையும் ஒரு பட்டியலாக வைத்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் தானாக ஓடும் சோதனையில் சேர்த்துவிடுங்கள்.

வெளியிடும் முன் சரிபார்க்க

1. முதல் டேக் சாதனம் எதிர்பார்க்கும் டேக்தானா? ஃபிரேம்வொர்க் போர்த்திய ஸ்ட்ரிங் டேக் இல்லையே?
2. கன்டென்ட்-டைப் சாதனத்தின் கையேட்டோடு ஒத்துப்போகிறதா? சார்செட் எழுதியிருக்கிறதா?
3. அறிவிப்பு வரி, சார்செட், உண்மையான பைட்டுகள் மூன்றும் ஒரே என்கோடிங்கைச் சொல்கின்றனவா?
4. முதல் எழுத்துக்கு முன் பாம், ஸ்பேஸ், வெற்று வரி எதுவும் இல்லையே?
5. கன்டென்ட்-லெங்த் பைட் கணக்கா?
6. எக்ஸ்எம்எல்லை உருவாக்குவது அதற்கான கருவியா, ஸ்ட்ரிங் ஒட்டலா?
7. தடைசெய்யப்பட்ட கட்டுப்பாட்டுக் குறிகள் வடிகட்டப்படுகின்றனவா?
8. பிழைப் பதிலும் எக்ஸ்எம்எல்லா? ஸ்டேட்டஸ் எண் உண்மையா?
9. இவை எல்லாவற்றையும் பிரவுசருக்கு வெளியே பார்த்தீர்களா?

இந்த ஒன்பதில் எதுவும் அரிய வித்தை இல்லை. ஒவ்வொன்றும் சில நிமிட வேலை. ஆனால் இவற்றில் ஒன்று தவறினாலும் விலை கொடுப்பது நாம் அல்ல, கிடங்கில் மூட்டையின் முன் நிற்கும் ஊழியரும் மருந்துக்குக் காத்திருக்கும் நோயாளியும்தான். அவர்களால் லாகைப் பார்க்க முடியாது, டெவலப்பரை அழைக்கவும் முடியாது. அடுத்த முறை "சாதனத்தில்தான் கோளாறு" என்று சொல்லும் முன், நம் சர்வீஸ் அனுப்பிய பைட்டுகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.